பம்பைச் சத்தத்தில் நெய்த சேலை

இன்று காலை திருத்தணி பஸ்ஸில் எனக்கு முன்னால் என் சேலை நின்றுகொண்டிருந்தது.

நான் கட்டிய சேலை இல்லை, நான் வரைந்த சேலை.

போன ஆடிக் கிருத்திகைக்கு மலையில் கேட்ட பம்பை மேளத்தின் சத்தம் வீட்டுக்கு வந்த பிறகும் காதை விட்டுப் போகவில்லை. அதை அப்படியே கோடாக்கினேன். சின்ன அடிக்கு மெல்லிய கோடு, ஓங்கி அடித்தால் தடித்த கோடு.

அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டும் பாவா, அதாவது என் அக்கா வீட்டுக்காரர், தலையில் கை வைத்தார்.

"இன்னா பாப்பா, கோடு தாறுமாறா கீது? தறியில தப்பு வுழுந்துச்சுன்னு என்னைத்தான் திட்டுவாங்க."

சண்டை போட்டுத்தான் நெய்ய வைத்தேன்.

இன்று பஸ்ஸில் அவரும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சும்மா இருப்பாரா? சேலை கட்டியிருந்த அம்மாவிடமே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, கோடு ஒண்ணு போல இல்லியே, பாத்துதான் வாங்கினீங்களா?"

நான் பாவாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அந்தம்மா முந்தானையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"ஆங், பாத்துதாங்க வாங்கினேன். கடையில மத்ததெல்லாம் சும்மா நின்னுகினு இருந்துச்சு. இது ஒண்ணுதான் ஆடிகினு இருந்துச்சு."

விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தேன் பாருங்கள், பஸ்ஸே நின்றுவிட்டது.

"யாரும்மா அது?" என்று கண்டக்டர் கத்தினார்.

பாவா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார். "நம்ம வூட்டு டிசைனருங்க!"

முதல் நாளிலிருந்தே என் கட்சியில் இருந்தவர் போல.

சரி, உங்கள் ஊரில் நன்றாக அடிக்கிற மேளம் எது? சொல்லுங்கள், சேலையாக்கிக் கட்டிக்கொள்ளலாம்.