நாலு மூலையிலும் மஞ்சள்

பினாங்கில் மருந்துச் சீட்டை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. இந்த மருந்துக் கடையில் சேர்ந்த புதிதில் எனக்கு விநோதமாகப் பட்டது இதுதான். டாக்டர் எழுதிய காகிதத்தை நீட்டுகிறார்கள், புட்டியை வாங்கிக்கொள்கிறார்கள், பஸ்ஸுக்கு ஓடிவிடுகிறார்கள். நம் திருத்தணிப் பக்கம் நடக்குமா இது? தகரப் பெட்டியில் நிலத்துப் பட்டாவோடு சீட்டையும் வைத்துப் பூட்டி, அப்பனுக்கு எழுதிய இருமல் மருந்தைப் பத்து வருஷம் கழித்துப் பேரனுக்கும் வாங்குகிற ஜனங்கள் நாம்!

போன வாரம் ஓர் அம்மாள் கடைக்கு வந்தார். ஆரணிப் பக்கத்துக்காரர். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், இப்போது வயிற்றில் புற்று வந்து படுத்திருக்கிறார். வலிக்கு மார்பியா எழுதியிருந்தார் வெள்ளைக்கார டாக்டர் துரை. சீட்டைப் பிரித்தேன். நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம். இங்கே இருக்கிற தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறி முருகன் பாதத்தில் வைத்து எடுத்து வந்திருக்கிறார். மேல் மூலையில் இருந்த தேதியும் கீழ் மூலையில் இருந்த கையெழுத்தும் மஞ்சளோடு கரைந்துபோயிருந்தன.

இருமல் மருந்தாக இருந்தால் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். மார்பியாவுக்குச் சட்டமே வேறு. நோயாளியின் பெயர், விலாசம், மருந்தின் அளவு, தேதி, கையெழுத்து எல்லாம் டாக்டர் கைப்பட, தெளிவாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து கலைந்திருந்தாலும் கொடுக்கக் கூடாது. அளவை யாராவது திருத்திவிட்டு மையை அழித்தார்களோ என்னவோ, யார் கண்டது? ஊரிலும் இதே சட்டம்தான்.

எங்கள் முதலாளி சீனர். சீட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"இது என்ன, கறியா? இதில் வைத்தா சாப்பிட்டார்கள்?" என்று பாதி மலாயிலும் பாதி இங்கிலீஷிலும் கேட்டார்.

"கறி இல்லை, மஞ்சள். நல்லது நடக்கட்டும் என்று வைப்பது" என்றேன்.

"நல்லது நடக்க டாக்டரின் கையெழுத்து வேண்டும்" என்று சொல்லிச் சீட்டை என் பக்கமே தள்ளிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் நான் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இதே மாதிரி ஒரு சீட்டை நான் முன்பே பார்த்தவன்.

யுத்த காலம் அது. அரக்கோணம் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மருந்துக் கடையில் நான் வேலை பார்த்தேன். திருத்தணியில் என் அக்கா மார்பில் புற்றோடு கிடந்தாள். தாயில்லாத என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அரக்கோணத்து டாக்டர் வந்து பார்த்து, இனி வலியைத்தான் குறைக்க முடியும் என்று மார்பியா எழுதிக் கொடுத்தார். பாவா, அதாவது அக்கா புருஷன், அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நேரே மலைப்படி ஏறினார். பூஜை முடிந்து வந்த சீட்டுக்கு அக்காவே விரலை நனைத்து நாலு மூலையிலும் மஞ்சள் வைத்தாளாம். கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கிற மாதிரி! யுத்த காலத்துக் காகிதம் தாங்குமா? மை ஊறிப் பரவிவிட்டது.

எங்கள் கடை முதலாளி பார்த்தவுடனே முடியாது என்றார். டாக்டரைத் தேடி ஆள் அனுப்பினால், அவர் கல்யாணத்துக்கு வேலூர் போயிருக்கிறார், வர இரண்டு நாளாகும் என்று பதில் வந்தது.

"அங்க உங்க அக்கா துடிச்சிகினு கீறா மச்சான். மருந்து அலமாரி சாவி உன் கையிலதானே கீது?" என்றார் பாவா.

"சட்டம் பாவா. இன்னா பண்றது?"

"சட்டமா? இன்னாடா பேசறே? உன் அக்காடா!"

நான் சாவியை எடுக்கவில்லை. அவர் வெறுங்கையோடு ரயிலேறிப் போனார். இரண்டு நாள் கழித்து டாக்டர் வந்து வேறு சீட்டு எழுதிக் கொடுத்தபின், மருந்தோடு நானே போனேன். அதற்குள் அக்கா உதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டிருந்தாள். பாவா என் முகத்தைப் பாராமல் திட்டிக்கொண்டே இருந்தார். அவள்தான் அவரைத் தடுத்தாள்.

"அவன இன்னாத்துக்குத் திட்டறீங்க? குடுக்கக் கூடாதுன்னா கூடாதுதான். எந்தம்பிக்குத் தெரியாததா? மஞ்ச வெச்சது என் தப்புப்பா."

அவளும் திட்டியிருந்தால் தேவலை. அடுத்த ஆடிக் கிருத்திகைக்குள் போய்விட்டாள். யுத்தம் முடிந்து கப்பல் விட்டதும் முதல் வேலையாகக் கிளம்பிவிட்டேன். இங்கே வந்தும் ஆடி பிறந்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. புஷ்பக் காவடியோடு அரோகரா போடும் திருத்தணிக் கூட்டத்தில் ஒரே ஒரு நாள் நிற்க மாட்டோமா என்று ஏங்குகிறேன். அக்கா இல்லாத வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்றும் தோன்றுகிறது.

அந்த ஆரணி அம்மாளைப் பெஞ்சில் உட்காரவைத்தேன். முதலாளியிடம் ஒரு மணி நேரம் உத்தரவு கேட்டு, சீட்டோடு சைக்கிளை எடுத்தேன். டாக்டர் துரையின் பங்களா கடற்கரை ஓரம் மூன்று மைல். துரை தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "இதன் மேல் என்ன பெயின்ட்?" என்று எரிந்து விழுந்தார். நோயாளி ஓவியர் என்று நினைத்தாரோ என்னவோ! "மன்னிக்கணும் சார், பழக்கம்" என்றேன். பழையதைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான் வேலை.

மருந்தைக் கையில் வாங்கியதும் அந்த அம்மாள் அழுதுவிட்டார். "யார் பெத்த பிள்ளையோ! இந்தச் சீமையில நீங்க இல்லாங்காட்டி நான் இன்னா பண்ணியிருப்பேன்? உங்கூட்ல உங்கள நெனச்சி எவ்ளோ ஏங்கிக்கினு கீறாங்களோ" என்றார்.

இங்கே காப்பிக் கடையில் கூடும் நம்மவர்களுக்கு ஊரிலிருந்து சாவுக் கடிதம் வந்தால், எல்லாரும் சொல்லி அழுவது ஒன்றுதான்: "இத்தனை தூரம் வந்துட்டோமே, பக்கத்துல இல்லாமப் போயிட்டோமே!" சுற்றியிருப்பவர்கள் ஆமாம் ஆமாம் என்று தேற்றுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. கடலைத் தாண்டி வந்தபிறகுதான் நான் யாருக்கோ நல்ல தம்பியாகியிருக்கிறேன். அக்கா துடித்த அன்றைக்கு நடுவில் எந்தக் கடலும் இல்லை. டாக்டர் இருந்த வேலூருக்குப் போக மூன்றரை மணிக்குக் காட்பாடி ரயில் இருந்தது. கடைக்கு எதிரிலேயே நின்று, ஊதிவிட்டுக் கிளம்பியது. நான் உள்ளே புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன்.