சுற்றிப் போகும் ஜபீன்

சம்பந்தம் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் பழவேற்காட்டுக்கு வந்திருந்த அன்று, மாப்பிள்ளையின் அக்கா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்: "நீ ஏதாச்சும் கேக்கணுமாம்மா?" அந்தக் கேள்விக்குப் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வதுதான் வழக்கம். ஜபீன் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"உங்க ஊட்லேர்ந்து ஸ்டேஷன் எவ்ளோ தூரம்?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. ஜபீனின் உம்மாவுக்கு மட்டும் முகம் சுருங்கிப் போனது. பக்கத்து அறையில் ஆண்களோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை சஹாபுதீனிடம் கேள்வி போய்ச் சேர்ந்தது. அவர் செவ்வாப்பேட்டையில் எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தார். கொஞ்சம் யோசித்து, "மெதுவா நடந்தா எட்டு நிமிஷம். ஆனா ராத்திரி பகல் ரயில் சத்தம் கேக்கும், அதையும் சொல்லிடுங்க" என்றார். பின்னால் குறை வரக்கூடாதே என்று சொன்ன சொல் அது. ஜபீனுக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

பழவேற்காட்டில் ரயில் கிடையாது. பொன்னேரிக்குப் பஸ் பிடித்துப் போனால்தான் உண்டு. அவளுடைய வாப்பா அமானுல்லா ஜவுளிக் கடைக்காரர். மாதம் ஒரு முறை சரக்கெடுக்க மெட்ராஸ் போவார். ஏழு வயதில் ஒரு நாள் மகளையும் கூட்டிப் போனார். பொன்னேரியில் ஏறியதும் எதிர் சீட்டில் கருவாட்டுக் கூடையோடு ஓர் அம்மா, பக்கத்தில் அனல் மின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒருவர். அத்திப்பட்டு வருவதற்குள் அந்த அம்மாவின் மகளுக்கு ஆஸ்பத்திரியில் நடந்தது, அந்த ஆளின் தம்பி வீட்டைவிட்டு ஓடிப்போனது எல்லாம் ஜபீனுக்குத் தெரிந்துவிட்டது. எண்ணூரில் வேறு ஆட்கள் ஏறினார்கள், வேறு கதைகள் ஏறின. கடைத்தெருவில் வாப்பா, "இன்னா வேணும், பொம்மையா, வளையலா?" என்றபோது அவள், "திரும்பப் போவும்போதும் நின்னு நின்னு போற வண்டியிலயே போலாமா வாப்பா?" என்று கேட்டாளாம். அமானுல்லா இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

எக்ஸ்பிரஸ் அவளுக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை. உறவில் ஒரு கல்யாணத்துக்கு ஏசி பெட்டியில் போய்வந்துவிட்டு, "எல்லாரும் திரை போட்டுக்கினு படுத்துட்டாங்க. ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்திச்சு" என்றாள்.

மகள் ஷமீமா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் ஜபீனுக்கு வேலை கிடைத்தது. மூடியைத் திருகிப் பார்த்து, கசிகிறதா என்று சோதிக்கும் பிரிவு. செவ்வாப்பேட்டையில் குடியிருந்துகொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போவது என்றால் ரயிலில் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலைதான். ஒரு வண்டியில் கிழக்கே பேசின் பிரிட்ஜ் வரை போய், படியேறி இறங்கி, இன்னொரு வண்டியில் வடக்கே திரும்ப வேண்டும். போக இரண்டரை மணி நேரம், வர மூன்று. வேலைக்கு எடுத்த அதிகாரியே, "முடியுமாம்மா?" என்று கேட்டார். ஜபீன், "முடியும் சார்" என்ற வேகத்தைப் பார்த்து, பாவம், வீட்டில் கஷ்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

இருபது வருஷம் அப்படியே போனது. சஹாபுதீன் தினமும் நாலரைக்கு எழுந்து இஞ்சி தட்டிப் போட்டு டீ வைப்பார். நாஷ்டாவை டப்பாவில் கட்டுவார். மழை நாளில் ஸ்கூட்டரில் கொண்டுபோய் ஸ்டேஷனில் விடுவார். "உனுக்குத்தான் எவ்ளோ கஷ்டம்" என்பார். ஜபீன் டீயைக் குடிப்பாள். ஷமீமா கல்யாணமாகி ஆவடிக்குப் போன பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை.

போன வருஷம் கம்பெனி ஒரு பஸ் விட்டது. திருவள்ளூரில் புறப்பட்டு, செவ்வாப்பேட்டை, பெரியபாளையம், ஆரணி வழியாகக் கும்மிடிப்பூண்டி. ஒன்றே கால் மணி நேரம். ஏழு மணிக்கு வீட்டு வாசலில் ஏறினால் போதும். போக்குவரத்தைப் பார்த்துக்கொண்ட சுப்பிரமணி சார் பட்டியலில் முதல் பெயராக அவள் பெயரை எழுதிவிட்டு, நல்ல சேதி சொல்லும் முகத்தோடு வந்து நின்றார்.

ஜபீன் கையிலிருந்த மூடியை இன்னொரு முறை திருகினாள். "சார், எனக்கு பஸ்ஸு ஒத்துக்காது. வாந்தி வரும்" என்றாள்.

வீட்டில் வேறு பொய். "பஸ்ஸு திருவள்ளூரோட சரியாம். இந்தப் பக்கம் வராதாம்."

"அடப்பாவிங்களா, நாலு கிலோமீட்டர் தள்ளி வர்றதுக்கு இன்னா பேஜாரு அவனுங்களுக்கு?" என்று சஹாபுதீன் கம்பெனியைத் திட்டினார். மறுநாளும் நாலரைக்கு எழுந்தார். இஞ்சி தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே ஜபீன் படுத்திருந்தாள். அன்றைக்கு டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினாள். ஆனால் லேடீஸ் பெட்டியில் ஏறி உட்கார்ந்து, திருநின்றவூரில் காயத்ரி ஏறி, "அக்கா, நேத்து இன்னா ஆச்சு தெரியுமா?" என்று தொடங்கியதும் எல்லாம் மறந்துபோனது.

பதினான்கு மாதம் கழித்து ஒரு காலையில், கூட வேலை செய்யும் ஹெலன் கையைப் பிசைந்துகொண்டு ஜபீனின் மேசைக்கு வந்தாள். திருவள்ளூர்க்காரி. பஸ்ஸில் வருபவள்.

"அக்கா, திட்டாதீங்க. ஒண்ணு ஆயிப்போச்சு. இன்னிக்குக் காலைல பஸ்ஸுல உள்ள லைட்டு எரியல. டிரைவர் பல்பு வாங்கறதுக்கு ஒரு கடை முன்னாடி நிறுத்துனாரு."

"எந்தக் கடை?"

"உங்க ஊட்டுக்காரரு கடைதான். அதிசயமா அந்நேரத்துக்கே தொறந்திருந்திச்சு. 'இந்த பஸ்ஸு இங்க எங்க வந்துச்சு?'ன்னு கேட்டாரு. 'தினம் இப்டித்தான் பாய் போவோம்'னாரு டிரைவர். நான் வேற வாய வச்சிக்கினு சும்மா இருக்காம, 'அக்காவுக்கு வாந்தி நின்னுச்சா?'ன்னு கேட்டுட்டேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"பல்புக்குக் காசு வாங்க மறந்துட்டாரு."

அன்று மாலை ஜபீன் வழக்கமான வண்டியிலேயே திரும்பினாள். வீட்டில் சஹாபுதீன் சத்தம் போடவில்லை. சோறு போட்டுச் சாப்பிட்டார், படுத்தார். மறுநாள் நாலரைக்கு வழக்கம்போல அடுப்பு பற்றியது.

ஜபீன் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "ஏங்க, பஸ்ஸு ஏழு மணிக்குத்தானே. இப்போ எதுக்கு டீ?"

"நீ ரயிலுக்குத்தானே போவே." அவர் திரும்பாமலே சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஒண்ணு மட்டும் சொல்லு ஜபீனு. ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் ஊட்ல என்கூட இருக்கலாம். அதை வுட்டுட்டு சுத்திக்கினு போறே. ஊட்ல இருக்கறது அவ்ளோ கஷ்டமா இருக்கா?"

பொய் சொன்னதற்குத் திட்டுவார் என்று இரவெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தாள். அவர் கேட்டது வேறு. "அல்லா, அப்டி இல்லீங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை கடை லீவுதானே. என்கூட வண்டியில வாங்க. வந்து பாருங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை இருவரும் கிளம்பினார்கள். அவருக்காகப் பொதுப் பெட்டியில் ஏறினாள். ஜன்னலோர இடத்தை அவருக்குக் கொடுத்தாள். பட்டாபிராம் தாண்டும்போது ஏறியவர்களைக் காட்டலாம் என்று திரும்பினால், மனுஷர் அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பேசின் பிரிட்ஜில் எழுப்பினாள். படியேறும்போது மூச்சு வாங்கியது அவருக்கு. "இதையா இருவது வருஷமா ஏறிக்கினு இருக்கே?" என்றார். இரண்டாவது வண்டியில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று ஒவ்வொன்றாக நின்றபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜபீனுக்கு மனசு விட்டுப்போனது. இவருக்கு இது பிடிபடாது. எதைக் காட்ட இவரை இழுத்து வந்தோம் என்று தன் மேலேயே கோபம் வந்தது.

எண்ணூரில் பூவம்மாள் வேர்க்கடலைக் கூடையோடு ஏறினாள். பெட்டி பெட்டியாக விற்றுக்கொண்டு மீஞ்சூர் வரை போகிறவள். ஜபீனைப் பார்த்து நின்றாள்.

"இன்னாக்கா, இன்னிக்கு லேடீஸ்ல ஏறல?" என்றவள் பக்கத்தில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்தாள். "இவருதானா? இஞ்சி டீ பாயி?"

சஹாபுதீன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாய், உங்களப் பத்தி எங்களுக்கு எல்லாம் தெரியும். ஃபேன் மாட்டப் போன ஊட்ல நாய் தொரத்தி மாமரத்துல ஏறிக்கினீங்களே, அத்த அக்கா சொல்லி இந்த வண்டியே சிரிச்சிது. போன ரம்ஜான்ல உங்களுக்கு ஜொரம் வந்தப்போ அக்கா ஒரு வாரமா பேசவே இல்ல. ஹார்பர் ஆஸ்பத்திரி ஆயாம்மா ஒண்ணு ஜபமாலை உருட்டிக்கினு வந்திச்சு உங்களுக்காக."

கடலையைச் சுருட்டி அவர் கையில் திணித்தாள். காசை வாங்க மறுத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனாள். ஆற்றுப் பாலம் தடதடத்தது. சஹாபுதீன் கடலையைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"என்னைப் பத்தி இன்னா இன்னா சொல்லி வச்சிருக்கே நீ?"

"எல்லாந்தான்" என்றாள் ஜபீன். "வேற யாரைப் பத்திப் பேசுவேன்?"

அத்திப்பட்டு வந்தது, போனது. "மாமரம் இல்ல அது, வேப்பமரம்" என்றார் அவர். சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கும்மிடிப்பூண்டியில் ஜும்மா தொழுதுவிட்டு அவர் தனியாக வீடு திரும்பினார். கவர்மென்ட் பஸ்ஸில்தான். இனிமேல் ஒரு தடவைகூட அந்த பேசின் பிரிட்ஜ் படியில் ஏறமாட்டேன் என்று போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவள் ஏறுவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஜபீன் சுப்பிரமணி சாரிடம் போனாள். வாந்தி கதை பொய் என்று ஒப்புக்கொண்டாள். சாயங்கால பஸ்ஸுக்கு மட்டும் பெயர் எழுதச் சொன்னாள். "காலையில?" என்றார் அவர் குழம்பிப்போய். "காலையில ரயில்தான் சார். அதை மட்டும் கேக்காதீங்க."

இப்போது ஆறரைக்கெல்லாம் வீட்டில் இருக்கிறாள். கடையில் அவரோடு உட்காருகிறாள், சேர்ந்து ஷட்டரை இறக்குகிறார்கள். சாப்பிடும்போது சஹாபுதீன், "இன்னிக்கு வண்டியில இன்னா சமாச்சாரம்?" என்று கேட்கிறார். அவள் சொல்லச் சொல்ல, பார்க்காத ஆட்களுக்கெல்லாம் அவரே யோசனை சொல்கிறார்.

இந்தக் கோடையில் ஒரு நாள் நாஷ்டா டப்பாவோடு சின்னதாக ஒரு பேட்டரி விசிறியையும் பையில் வைத்தார். கையில் பிடித்துக்கொள்ளும் ரகம், கடையில் இருந்தது.

"பூவம்மாளுக்கு. எண்ணூர்ல ஏறும்ல, குடுத்துடு" என்றார். "காசு குடுத்தா வாங்காதே."