முதல் நாள், முதல் காட்சி, இடது ஸ்லீவ்

மலேசியாவில், எங்கள் ஈப்போவில், தமிழ்ப் படத்தைக் கோர்ட்டில் உட்கார்ந்திருப்பது போலப் பார்ப்போம். கீழே மலாய் எழுத்து ஓடும். விசிலடித்தால் முன் சீட்டு அக்கா திரும்பி முறைப்பார். இரண்டாயிரங்களின் நடுவில், பனியன் பரிசோதிக்கும் வேலை என்னைத் திருப்பூருக்கு அனுப்பியபோது, தொழில் அனுபவத்துக்காகப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். பொய். எனக்கு வேண்டியிருந்தது தமிழ்நாட்டில் முதல் நாள் முதல் காட்சி.

இந்தப் பலவீனத்தை ஒரு பனியன் கம்பெனி முதலாளி ஒரே வாரத்தில் மோப்பம் பிடித்துவிட்டார். அவருடைய டி-ஷர்ட் லாட் ஒன்றை நான் ரிஜெக்ட் செய்திருந்தேன். எல்லாவற்றிலும் இடது ஸ்லீவ் வலதைவிட இரண்டு விரல் நீளம். அதை வாங்கவிருந்த எங்கள் கம்பெனியின் லேபிள் தைத்த அந்தச் சரக்கை என் கண்ணெதிரே வெட்டி வேஸ்ட்டாக்க வேண்டும், பார்த்ததாக நான் கையெழுத்துப் போட வேண்டும். அதில் பொய் சொன்னால் வேலை போய்விடும் என்று எங்கள் வெள்ளைக்கார மேலாளர் முதல் நாளே சொல்லியிருந்தார், சிரிக்காமல்.

முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார்.

“நீங்க எதுக்குங்க இந்த வெக்கையில நிக்கோணும்? பசங்க வெட்டிப் போட்டுருவாங்க. வெள்ளிக்கெழம புதுப் படம் வருதுங்க. ரசிகர் மன்றத் தலைவரு நம்ம மச்சானுங்க. மொத ஷோ, உங்களுக்கு நடு சீட்டு.”

நடு சீட்டு! அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை, கட்டவுட்டுக்குப் பாலாபிஷேகம் முடிந்து கதவு திறந்தது. நாயகன் திரையில் கால் வைத்ததும் காகிதம் பறந்தது, முன் வரிசைகள் எழுந்து ஆடின. எல்லோருக்கும் ஒரே வெள்ளை டி-ஷர்ட், நெஞ்சில் நாயகன் முகம். தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த நான் பாதியில் நிறுத்தினேன். ஆடியவர்களில் ஒருவருக்குக்கூட இரண்டு ஸ்லீவும் சமமாக இல்லை.

பக்கத்தில் முதலாளி கைதட்டிக்கொண்டிருந்தார்.

“சார், வெட்டலையா?” என்றேன்.

“லேபிள வெட்டிட்டமுங்க,” என்றார், சொன்ன வேலையைச் செய்து முடித்த திருப்தியோடு.

இடைவேளையில் அவருடைய மச்சான் மைக்கைப் பிடித்தார். “இந்தப் படத்தப் பாக்கறதுக்குன்னே மலேசியாவுல இருந்து வந்திருக்கற நம்ம ரசிகருங்க!” என்று என்னைத் திரைக்கு முன்னால் இழுத்துப்போய், பொன்னாடைக்குப் பதிலாக ஒரு டி-ஷர்ட்டைத் தலைவழியே மாட்டிவிட்டார். கழற்றியிருக்கலாம். கழற்றத்தான் நினைத்தேன். ஆனால் தியேட்டரே எனக்காக விசிலடித்தது. ஈப்போவில் எனக்காக யாரும் இருமியதுகூடக் கிடையாது. வெட்கமே இல்லாமல், தேர்தலில் ஜெயித்தவன் போல இரண்டு கைகளையும் விரித்து போட்டோவுக்கு நின்றேன்.

திங்கட்கிழமை அந்தப் போட்டோ தியேட்டர் சுவரில் ஃப்ளெக்ஸாகத் தொங்கியது. நாயகனுக்குப் பக்கத்தில் நான், கிட்டத்தட்ட அவர் உயரத்துக்கு. மேலாளரின் கார் அந்த வழியாகத்தான் அலுவலகம் போகும். அன்று பின் சீட்டில் நானும் இருந்தேன். அவருக்குத் தமிழில் ஓரெழுத்தும் தெரியாது என்பதுதான் எனக்கிருந்த ஒரே தைரியம். அவர் காரை நிறுத்தச் சொன்னார். இறங்கினார். பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நடந்தார்.