பெரிய சக்கரமும் வேண்டாவின் பேரும்

எங்கள் வீட்டுக்காரர் லக்ஷ்மிநாராயணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் பிடித்த பைத்தியம் பெரிய சக்கரம். ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புதுப்பட்டினத்தில் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, தள்ளிப் போய் நின்று பார்ப்பார். "பீமனுக்குக் குழந்தைச் செருப்பு மாட்டிவிட்ட மாதிரி இருக்கு" என்பார். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சொன்னால் கேட்கவா போகிறார்?

சென்னையிலிருந்து பெரிய சக்கரமும் தடித்தடியாக டயரும் வரவழைத்தார். ஆனால் வண்டியில் வேறு எதையும் தொடக் கூடாதாம். உயர்த்தக் கூடாது, ஒரு பிளாஸ்டிக்கைக்கூட வெட்டக் கூடாது, கம்பெனி கொடுத்தது கொடுத்தபடி இருக்க வேண்டுமாம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. சக்கரமும் டயரும் வந்து இறங்கியதோ நாங்கள் திருப்பதி கிளம்புவதற்கு முதல் நாள். "போற வழியில செங்கல்பட்டுல மாட்டிண்டு போயிடலாம்" என்றார். நாத்தனார் ஞானாம்பாள் குடும்பத்தோடு, மூட்டை முடிச்சோடு அந்த டயர் கடையில் போய் இறங்கினோம். அங்கேதான் வேண்டாவைப் பார்த்தேன்.

புடவைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, முழங்காலால் ஒரு முட்டு முட்டி டயரை உருட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். புருஷன் சடையப்பன் சக்கரங்களை நேர் பார்க்கிற மெஷினில் இருந்தான். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். நான் சும்மா இருக்கிற ஆளில்லை, பேர் கேட்டேன்.

"வேண்டாக்கா. எங்கம்மாவுக்கு நாலாவதும் பொண்ணு. இனிமே வேணாம்னு எனக்கு இந்தப் பேர வெச்சுட்டாங்க. அடுத்தது தம்பி பொறந்துட்டான். பேரு பலிச்சிடுச்சு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுவரில் ஒரு தகரப் பலகை சாய்ந்திருந்தது. அதில் 'டயர்ஸ்' என்று மட்டும் எழுதி, முன்னால் இடம் விட்டிருந்தார்கள். இத்தனை வருஷம் பேரில்லாத பஞ்சர் கடை. இப்போதுதான் மெஷின் போட்டுப் பெரிதாக்கியிருக்கிறார்கள். பேர் எழுத சாயங்காலம் பெயின்டர் வருகிறாராம்.

"இந்தக் கடைய நிமித்தினதே இவதான், இவ பேரையே போடலாம்னு சொல்றேன். கேக்க மாட்டேங்கறா" என்றான் சடையப்பன்.

"இன்னாய்யா நீ. வேண்டா டயர்ஸ்னு போட்டா, ஜனம் படிச்சுட்டு, சரிப்பா வேணாம்னு போய்கினே இருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஸ்கூல்ல டீச்சர் எம் பேரக் கூப்ட்டாலே, வேணாம்னா வூட்டுக்குப் போன்னு கிளாஸே சிரிக்கும்கா. அத்த எடுத்து வாசல்ல வேற தொங்க வுடணுமா? ஸ்ரீ வெங்கடேஸ்வரான்னு போட சொல்லிட்டேன்."

எங்கள் டயரைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் மாறியது. "தடியா கீது சார். திருப்பும்போது உரசுமோன்னு கீது."

"ஒண்ணும் உரசாது, மாட்டும்மா" என்றார் இவர்.

மாட்டினாள். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்து, கடைக்குள்ளேயே வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். உரசவில்லை. சரி என்று பூஜையைத் தொடங்கினாள். புதுச் சக்கரம் போனால் அவள் கையால்தான் பூஜை. டயர் விளிம்பில் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தாள். பழைய சக்கரங்களைத் திரும்பி வரும்போது எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு எல்லோரும் ஏறினோம். வேண்டா கை கழுவ உள்ளே போனாள்.

கடைக்கும் ரோட்டுக்கும் நடுவே சாக்கடை மேல் ஒரு கல் போட்டிருந்தது. அதில் இறங்கும்போது இவர் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தார். வண்டி ஒரு குனி குனிந்தது. 'கர்' என்று ஒரு சத்தம். "எலுமிச்சம்பழம்தான்" என்றார் இவர்.

அப்போது பின்னாலிருந்து சடையப்பன் கத்தினான். "வேண்டா... வேண்டா..."

"டேய் நாணு, நிறுத்துடா" என்றாள் என் நாத்தனார்.

"அக்கா, அது அந்தப் பொம்மனாட்டியோட பேரு."

"யார் பேரா இருந்தா என்ன? கிளம்பறச்சே வேண்டாங்கற சொல்லு காதுல விழுந்தாச்சு. நிறுத்து. எறங்கி ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போகலாம்."

பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனால் சகுனம் என்று வந்துவிட்டால் அவளோடு பேசி ஜெயிக்க முடியாது. இவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை நிறுத்தினார். எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல்தான்.

இறங்கினால், சடையப்பன் எங்களைக் கூப்பிடவே இல்லை. அவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டிருக்கிறான். "முன் டயர்ல பொட்டெல்லாம் அழிஞ்சிபூட்ச்சி பாரு."

வேண்டா ஈரக் கையோடு ஓடி வந்தாள். சக்கரத்துக்கு மேலே மட்கார்டுக்குள் கையை விட்டுத் துழாவி எடுத்தாள். விரலெல்லாம் குங்குமம். உள்ளே பிளாஸ்டிக் ஒரு பக்கம் வழித்தெடுத்த மாதிரி தேய்ந்திருந்தது.

"ஆளும் மூட்டையும் ஏறினதும் வண்டி எறங்கிடுச்சு சார். நான் காலி வண்டியில பாத்துட்டேன். தப்பு என்னுதுதான்" என்றாள். பிறகு மெதுவாக, "மலையில வளைவுக்கு வளைவு டயர அறுத்துகினே போயிருக்கும்" என்றாள்.

நாத்தனார் பேத்தி பின் சீட்டில் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெரிய சக்கரம் ஆசைப்பட்ட மனுஷர் பழைய சக்கரங்களையே மாட்டச் சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டார். நாத்தனார், தான் சகுனம் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்ன கதையை வேண்டாவிடம் இரண்டு தரம் சொன்னாள்.

பெருமாள் முன்னால் நின்றபோது எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. நன்றிதான் சொன்னேன். அவருக்குப் பாதி, வேண்டாவுக்குப் பாதி.

திரும்பும்போது லட்டோடு கடைக்குப் போனோம். வேண்டா அதற்குள் விசாரித்து வேறு டயர் வாங்கி வைத்திருந்தாள். நாங்கள் விட்டுப் போன அதே பெரிய சக்கரம், ஆனால் ஒல்லி டயர். மொத்த உயரம் பழைய டயர் அளவுதான் வருமாம். மாட்டி, பொட்டு வைத்து, எங்கள் எல்லோரையும் மூட்டையோடு ஏறச் சொல்லி, அந்தக் கல்லின் மேலேயே ஒடித்து ஒடித்து ஓட்டினாள். பொட்டு ஒன்றுகூட அழியவில்லை. இவர் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஊறியது.

இறங்கி நிமிர்ந்தபோதுதான் வாசலைப் பார்த்தேன். பலகை மாட்டியிருந்தது. சிவப்பு எழுத்தில் 'வேண்டா டயர்ஸ்'.

"ஸ்ரீ வெங்கடேஸ்வரா என்னம்மா ஆச்சு?" என்றேன்.

அவள் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பொறந்ததுலேர்ந்து எம் பேரக் கேட்டா சிரிச்சுகினே போய்டுவாங்கக்கா. அன்னிக்குதான் மொத மொதல்ல எம் பேரக் கேட்டு ஒரு வண்டி நின்னுது."