புருஷோத்தமனின் படகுக் கத்தி

புருஷோத்தமன் நோணாங்குப்பத்தில் படகு ஓட்டினார். இன்ஜின் விசிறியில் அறுந்த வலை சுற்றிக்கொண்டால் குனிந்து அறுத்தெடுக்க வேண்டும். அதற்கு மடங்காத கத்தி ஒன்று, கட்டுப்படியாகிற விலையில் பார்க்கும்படி மகள் சுடர்விழியிடம் சொன்னார். பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வார்ப்பு அச்சு வடிவமைப்பவள் அவள். உப்புத்தண்ணீரில் துருப்பிடிக்காத எஃகு, பிடியின் கடைசிவரை ஓடும் அலகு, கட்டைவிரலுக்குப் பள்ளம் வைத்த பிடி என்று பார்த்துப் பார்த்து வாங்கித் தந்தாள்.

“எப்டிப்பா இருக்கு?”

“எம்பொண்ணு வாங்குனதாச்சே, சும்மாவா?”

சில நாளில் பிடிமேல் சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டார்.

“இவ்ளோ நல்ல பிடிய ஏம்பா மூடுன?” என்று கோபித்தாள். சிரித்து மழுப்பினார்.

மாரடைப்பில் அவர் போன பிறகு, உடன் படகோட்டிய இராமதாஸ் அந்தக் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“பள்ளம் வலது கைக்குப் போட்டதும்மா. அண்ணனுக்கு எடது கைதான? கொப்பளிச்சிப் போச்சி. பொண்ணுகிட்ட சொல்லுண்ணேன்னா, மனசு கஷ்டப்படும்னுட்டாரு.”

“அப்பாவுக்கு எடது கையா? என்ன சித்தப்பா சொல்ற?”

“என்னாம்மா, ஒனக்குத் தெரியாதா?”

அப்பா சாப்பிட்டதும், பணம் கொடுத்ததும், அவளுக்குத் திருநீறு பூசியதும் வலது கையால்தான். சின்ன வயதில் அடித்துப் பழக்கியிருப்பார்கள். வீட்டில் அவள் பார்த்தது அந்தக் கையை மட்டும்தான். படகில் ஒருநாள் வந்து உட்காரச் சொல்லி அவர் கூப்பிட்டபோதெல்லாம் வெயிலென்று தட்டிக்கழித்தாள். போயிருந்தால் தெரிந்திருக்கும். இடது கைக்கு ஒரு பிடி வார்த்துக் கொடுப்பது அவளுக்குப் பெரிய வேலையே இல்லை.