மாப்பிள்ளை ஓடி வாராரு

இப்பல்லாம் பைபாஸ் ரோட்டுல விடிஞ்சும் விடியாம ஆம்பளையும் பொம்பளையும் ஓடுறாங்க. ஒரு நாய்கூடத் திரும்பிப் பாக்குறதில்ல. எழுபதுகள்ல அப்படியா? கல்யாணமான ஆம்பளை ரோட்டுல ஓடினா ஒண்ணு பஸ்ஸைப் பிடிக்க, இல்லாட்டி போலீசுக்குப் பயந்து, இல்லாட்டி கேதம் சொல்ல. சாவுச் சேதியத்தான் நாங்க கேதம்போம். சும்மா ஒருத்தன் ஓடுவான்னு யாருக்கும் தோணாது. நான் சும்மாதான் ஓடினேன்.

அனுப்பி வச்சது என் பொண்டாட்டி. வில்லாபுரத்துல ஒத்தை ரூம் வீடு எங்களுக்கு. அவளுக்கு இருதயத்துல ஒரு வால்வு சுருங்கிப்போச்சு. மெட்ராஸ்ல ஆபரேஷன் பண்ணிட்டா சரியாயிரும், எழுதிப் போட்டிருக்கேன், கூப்பிடுவாங்க, அதுவரைக்கும் அலுங்காம வச்சுக்கங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கூப்பிடுறதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா? அதை நாங்க ரெண்டு பேரும் வாயைத் தெறந்து கேட்டதில்ல. எனக்கு மில்லுல ரெண்டாவது ஷிப்ட். காலையில பூராம் அவ நெஞ்சு ஏறி இறங்குறதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அவளுக்கு எரிச்சலா வரும்.

"ஏங்க, பொணத்துக்குக் காவல் இருக்குற மாதிரி எதுக்கு இப்படி முழிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கீங்க? எந்திரிச்சுப் போயி எங்கயாவது ஓடிட்டு வாங்க!"

எங்கயாவது தொலைங்கன்னுதான் சொன்னா. நான் நெசமாவே ஓடிட்டேன்.

வேட்டியை மடிச்சுக் கட்டி, தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு, வெறுங்கால்ல அவனியாபுரம் கண்மாய்க் கரை வரைக்கும். ஓட்டமா அது! மேயப் போற எருமை என்னைய முந்திட்டுப் போயிரும். சைக்கிள்ல மல்லியப்பூ மூட்டை கட்டிக்கிட்டு வர்றவரு, "என்னண்ணே, நடந்தா இன்னும் வெரசாப் போயிரலாமே"ம்பாரு. அடப் போய்யா, வெரசாப் போயி என்னத்தக் காணப்போறேன்? கரையில ஈரமண்ணு உள்ளங்கால்ல ஒட்டும். தண்ணியில கொக்கு நிக்கும். கொஞ்ச நேரம் போனா மூச்சும் காலும் ஒண்ணாச் சேந்துக்கும். மனசுல ஒரு எழவும் இருக்காது. அம்புட்டு சொகம். அப்புறம் திடீர்னு நெனப்பு வரும், அவளுக்கு வாசப்படி ஏறினாலே மூச்சு வாங்குது, இங்க எனக்கு மூச்சு மிஞ்சிக் கெடக்குதேன்னு. சீன்னு போயிரும். வெக்கமா இருக்கும். ஆனா மறுநாளும் ஓடுவேன்.

மொத நாள் கூத்தைச் சொல்லலையே. என் மாமியார், நான் அத்தைன்னு கூப்பிடுறவங்க, அவனியாபுரத்துல தனியா இருந்தாங்க. மாப்பிள்ளைகிட்ட நேராப் பேசுற வழக்கமில்ல அவங்களுக்கு. நான் போனா கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, "மாப்பிள்ளை காப்பி குடிக்கிறாரான்னு கேளு"ன்னு மகளைப் பாத்துத்தான் சொல்லுவாங்க. கண்மாயிலிருந்து திரும்பும்போது அவங்க தெரு வழியா வந்தேன். பால்காரர் என்னையப் பாத்துட்டு, "மாப்பிள்ளை ஓடி வாராரு!"ன்னு ஒரு சத்தம் கொடுத்துட்டாரு. வெறுங்காலு, தோள்ல துண்டு, காலங்காத்தால ஓட்டம். வேற என்ன நெனைப்பாங்க? நான் வாசலுக்கு வர்றதுக்குள்ள அத்தை தலைமுடிய விரிச்சுப்போட்டு மார்ல அடிச்சு அழுதுக்கிட்டு இருக்காங்க. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க ஓடிவந்து அவங்களைக் கட்டிப்பிடிச்சு உக்காந்துட்டாங்க.

"ஐயோ அத்தே! அவ நல்லா இருக்கா! நான் சும்மா ஓடினேன்!"

"சும்மாவா?" அழுகை பட்டுன்னு நின்னுச்சு. கல்யாணம் ஆனதுலேருந்து மொதத் தடவையா என் முகத்தைப் பாத்து நேராப் பேசினாங்க. "புத்தி கித்தி கெட்டுப்போச்சா மாப்ள உங்களுக்கு? சும்மா எவனாச்சும் ஓடுவானா?"

வீட்டுல வந்து சொன்னதும் அவ சிரிச்ச சிரிப்பு! நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. "அதுக்குள்ள என்னையத் தூக்கிட்டாங்களா? ஒப்பாரியில என்னைய என்னன்னு புகழ்ந்தாங்க, கேட்டீங்களா?" சிரிக்காதடி, அலுங்கக்கூடாதுன்னு நான் பதறினேன். சிரிச்சு ஓஞ்சதும் சொன்னா, "இனிமே தினமும் அந்தத் தெரு வழியாவே ஓடுங்க. நீங்க ஓடி வந்தா நான் நல்லா இருக்கேன்னு அம்மாவுக்குத் தெரியட்டும். பாவம், அதுக்குச் சேதி சொல்ல வேற யாரு இருக்கா?"

அப்படியே ஆச்சு. அத்தை கோலம் போடுற நேரத்துக்கு நான் அந்தப் பக்கம் ஓடுவேன். குனிஞ்சபடியே என் காலைப் பாப்பாங்க. ஓடுதுன்னா தலைய ஒரு ஆட்டு ஆட்டிட்டு அடுத்த புள்ளிய வைப்பாங்க. பேச்சு கெடையாது. எனக்குக் காய்ச்சல் அடிச்ச அன்னைக்கும் அந்தத் தெருவுல மட்டும் ஓடியிருக்கேன். அவ படுக்க முடியாம ராவெல்லாம் உக்காந்தே கெடந்த மறுநாளும் ஓடினேன். இருக்காள்ல, அது போதும்னு ஓடினேன்.

மெட்ராஸ்லேருந்து கூப்பிடவே இல்ல. ஐப்பசி மாசம், மழை விட்டிருந்த ஒரு விடியக்காலம் அவளுக்கு மூச்சு முட்டிருச்சு. ரிக்ஷாவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பாதி வழியிலேயே போயிட்டா. திருப்பிக் கொண்டுவந்து வீட்டுல படுக்க வச்சோம். பக்கத்து வீட்டுக்காரரு, "அவுங்க அம்மாவுக்கு நான் போயிச் சொல்லிட்டு வாரேன்"னாரு. வேணாம்ணே, நானே போறேன்னுட்டேன்.

தெருமுனை வரைக்கும் என்னையறியாம ஓடித்தான் வந்திருக்கேன். பழகின கால்தானே. அத்தை வீடு கண்ணுல பட்டதும் அப்படியே நின்னுட்டேன். ஓடிப் போனா அவ நல்லா இருக்கான்னுல்ல அர்த்தம்? கேதம் சொல்ல எல்லாரும் ஓடுற ஊர்ல நான் நடந்து போனேன். அந்தத் தெரு எம்புட்டு நீளம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

அத்தை பாதிக் கோலம் போட்டிருந்தாங்க. குனிஞ்சபடியே என் காலைப் பாத்தாங்க. தலைய ஆட்டல. மெதுவா நிமிந்தாங்க.

"ஏன் மாப்ள நடந்து வாரீங்க?"

என் முகத்தைப் பாத்து நேராப் பேசினது அது ரெண்டாவது தடவை. அத்தை மறுபடியும் குனிஞ்சு, போட்டிருந்த பாதிக் கோலத்தைக் கையால அழிச்சாங்க.