வலையில் சிக்கி இறந்தது

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதக் காலையில் ஒரு பறவையின் சாவுக்கு நான் காரணமானேன். அந்தப் பழியை ஒரு மீனவர் மேல் போட்டேன். எழுதிய வசனத்தில் பொய் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் என்னை நித்திரை கொள்ள விடாதது அதுதான்.

நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். மாசி பிறந்தால் தொலைநோக்கியோடு கொடிகாமத்தில் பஸ்ஸை விட்டிறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் பரவைக்கடற்கரைக்குப் போவேன். இங்கே மாரியைக் கழித்த கரைப்பறவைகள் வடக்கே புறப்படுமுன் கூட்டமாய்ச் சேருகிற நாட்கள் அவை. நீள அலகு மூக்கன்களின் நெஞ்சு செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருக்கும். ஆலாக்களின் தலையில் கறுப்புத் தொப்பி திரும்ப வந்திருக்கும். ஆலாக்கள் உட்காருவது அந்த மீனவரின் களங்கட்டித் தடிகளில். ஆழமில்லாத தண்ணீரில் தடிகளை வரிசையாக நட்டு, இடையில் வலை கட்டி, மீனை ஒரு கூட்டுக்குள் ஓட வைக்கிற முறை அது. அவருடைய தகப்பன் காலத்திலிருந்து அதே இடம். எந்த மணல்திட்டியில் எந்தக் கூட்டம் நிற்கிறது என்று எனக்குச் சொல்பவரும் அவர்தான்.

அன்று ஒரு மூக்கனின் காலில் எழுத்துப் பொறித்த சிறு பட்டி தெரிந்தது. எங்கோ ஒரு நாட்டில் யாரோ பிடித்துக் கட்டி விட்டது. அந்த எழுத்தை வாசித்துவிட்டால் அது எங்கிருந்து வந்தது என்று அறியலாம். என் வாழ்நாளில் அப்படி ஒன்றை நான் வாசித்ததில்லை. வெயில் கண்ணில் அடித்தது, எழுத்துப் பிடிபடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றுக்குள் இறங்கினேன். இன்னும் பத்து அடி, இன்னும் பத்து அடி என்று போய், கடைசியில் ஏறக்குறைய ஓடினேன். முழுக் கூட்டமும் கிளம்பியது. வற்றுத் தண்ணீரில் களங்கட்டி வலை வெளியே நின்றது. பட்டி கட்டிய பறவை தாழப் பறந்து போய் அதில் விழுந்தது.

மீனவர் வந்து தன் வலையைக் கத்தியால் அறுத்து அதை எடுத்தார். செட்டை முறிந்திருந்தது. அவர் கையிலேயே அது செத்தது. நான் எழுத்தை வாசித்தேன். கைபேசியில் படமும் எடுத்தேன்.

பறவை பார்ப்பவர்களின் கைபேசிக் குழுவில் அன்றிரவு அந்தப் படத்தைப் போட்டேன். எப்படி இறந்தது என்று கேட்டார்கள். அதற்கு முந்திய வாரம்தான், படத்துக்காகக் கூட்டத்தைக் கலைத்த இரண்டு பேரை அதே குழுவில் நான் கிழித்திருந்தேன். "களங்கட்டி வலையில் சிக்கி இறந்தது" என்று எழுதினேன். அவ்வளவுதான்.

படம் எங்கெங்கோ போனது. படத்தில் பறவையைத் தாங்கியிருந்த, பாதி விரல் இல்லாத அந்த வலக்கையை அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். வனசீவராசித் திணைக்கள அதிகாரிகள் வந்தார்கள். "சேரைக் கேளுங்கோ, அவர் பக்கத்திலை நிண்டவர்" என்று அவர் சொல்லியிருக்கிறார். எனக்குத் தொலைபேசி வந்தது. படம் நான் எடுத்ததுதான், பறவை வலையில்தான் சிக்கியது என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. ஒரு கிழமைக்குள் தடிகள் பிடுங்கப்பட்டன. அவர் பிறத்தியாரின் வள்ளத்தில் கூலிக்குப் போகத் தொடங்கினார்.

இரண்டு வருடம் நான் அந்தக் கரைக்குப் போகவில்லை. போன மாசியில் போனேன். ஆலாக்கள் இல்லை, உட்காரத் தடியில்லை. அன்றே அவருடைய வீட்டுப் படலையைத் தட்டினேன். மனைவி வந்தார்.

"ஆர், சேரோ? இஞ்சை ஆரையும் படம் எடுக்க மிச்சம் இருக்குதோ?"

"சும்மா இரடி. உள்ளை வாங்கோ சேர்" என்றார் அவர்.

"வரட்டும், வரட்டும். பள்ளிக்கூடத்திலை பிள்ளையளை 'பறவை பிடிகாரன்ரை பிள்ளை' எண்டு கூப்பிடுறாங்கள். அதையும் எழுதிப் போடச் சொல்லுங்கோ."

நான் நின்றபடியே செய்ததைச் சொன்னேன். நான் ஓடிக் கலைத்ததை அவர் கண்டிருந்தார்; குழுவில் என் குட்டு வெளிப்படும் என்று பயந்து அப்படி எழுதினேன் என்பதுதான் அவருக்குப் புதிது.

குழுவில் முழு உண்மையையும் எழுதினேன். கும்பிடுகிற கைக் குறிகள் வந்தன. "பெரிய மனது ஐயா" என்றார்கள். பழைய படம் தன்பாட்டுக்குச் சுற்றியது. பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி கோப்பைத் திறந்தார். என் படம், கீழே என் வசனம்.

"உது நீங்கள் எழுதினதுதானே சேர்?"

"ஓம்."

"பிழையோ?"

"பிழையில்லை. ஆனா நான் கலைச்சபடியாத்தான் அது வலையிலை பட்டது."

"வலை இல்லாட்டில் பட்டிருக்குமோ?"

அதிகாரி கோப்பை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஒரு குடும்பம் கஷ்டப்படுகுது எண்டு பழியை உங்கடை தலையிலை போடுறியள். நல்ல மனசு சேர். ஆனா கோப்பிலை இருக்கிறது உண்மையெல்லோ." கோப்பை மூடினார்.

நான் மேசையைப் பிடித்துக்கொண்டு, கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வகுப்பில் யாரும் கேட்டிராத குரலில் கெஞ்சினேன். மீனவர்தான் என் தோளைத் தொட்டு, "வாங்கோ சேர், போவம்" என்றார்.

திரும்புகிற பஸ்ஸில் அவர் கேட்டார்:

"அந்தப் பட்டியிலை என்ன எழுதியிருந்தது?"

மூன்று எழுத்து. சொன்னேன்.

"உதை வாசிக்கவோ ஓடினனீங்கள்?"

"ஓம்."

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா வள்ளத்திலை மெல்லமாக் கிட்டக் கொண்டு போயிருப்பன் சேர். நான் போனா அதுகள் எழும்பாது."

அவருடைய ஊருக்கு முந்திய தரிப்பில் பஸ் நின்றது. அவர் எழுந்தார். இது உங்கள் இடமில்லையே என்றேன்.

"தெரியும் சேர். உங்களோடை வந்து இறங்கிறதை ஆக்கள் பார்க்க வேண்டாம்."

நல்ல வெயில். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் நடக்கத் தொடங்கினார்.